பக்கத்து சீட் அக்கா

டீவியில் கார் வேகமாக வந்தால் போதும், சோபாவில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் வலது கால் தரையை அழுத்தும். சினிமாதான் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் கால் கேட்காது. சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல், ஒரே ஒரு கார். பத்தொன்பது வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தவள். சோபாவுக்கு முன்னால் கிடக்கும் விரிப்பில் அந்த ஒரே இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. அக்கா போய் நாலு மாதமாகிறது. விரிப்பை மாற்ற அத்தானுக்கும் மனசில்லை, எனக்கும் மனசில்லை.

ஆள் குள்ளம். தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் ரோடு தெரியும். கற்றுக்கொள்ள வந்தவர்கள் பதறினால் வண்டியைப் பற்றியே பேசமாட்டாள். "வீட்டுக்கு பெயிண்ட் அடிச்சு முடிச்சாச்சா?" என்று எதையாவது கேட்பாள். தம்பி எனக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. "டேய், கியர் உன்னக் கடிக்காது, புடி."

ஒருநாள் மருந்துக்கடைப் பெண் ஒருத்தி ஓட்ட, நானும் உடன் இருந்தேன். மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. அக்கா தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தாள், அதுவும் தரையோடு போயிற்று. அக்கா சாவகாசமாக, "காலை எடுத்துடும்மா, கை மட்டும் நேரா வெச்சுக்க. பொண்ணு நடக்க ஆரம்பிச்சிட்டாளா?" என்றாள். அந்தப் பெண் மகள் நடந்த கதையைச் சொல்லச் சொல்ல, இவள் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். வண்டி ஒரு மணல் குவியலில் முட்டி நின்றது. தான் சரியாக மிதிக்கவில்லை என்று நினைத்திருந்த அந்தப் பெண்ணுக்கு, பிரேக் போன விஷயமே அப்புறம்தான் தெரியும். ஸ்டீரிங்கை நீயே பிடித்திருக்கலாமே என்று கேட்டேன்.

"நான் புடிச்சிருந்தா அவ ஜென்மத்துக்கும் அதைத் தொடமாட்டாடா."

கூடப் பிறந்தவள்தான். இருந்தாலும் அன்று வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கே கற்றுக்கொடுத்தவளுக்குப் புருஷன் மட்டும் மசியவில்லை. அத்தான் பல்செட் செய்கிறவர். மயிரிழை பிசகாத கை, ஸ்டீரிங்கைத் தொட்டால் வெடவெடக்கும். "வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்" என்று இருபத்திரண்டு வருஷம் ஓசியிலேயே காலம் தள்ளினார். நோய் இன்னதென்று தெரிந்த அன்று அக்கா சாவியை அவர் மடியில் போட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில போய்க்கலாம்டி."

"எனக்கு டாக்ஸி வரும். எனக்கப்புறம் நீங்க எல்லாத்துக்கும் யாரையாச்சும் எதிர்பார்த்துட்டு நிக்கணுமா?"

அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலையிலேயே பாடம் ஆரம்பமாயிற்று. இரண்டு பேருக்கும் அவசரம், இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்றும், வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு, "ரோட்டப் பாருங்க, என்னப் பாக்காதீங்க" என்றாள். இரண்டு தடவை டெஸ்டில் தோற்று, மூன்றாவது தடவை லைசென்ஸ் வாங்கினார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக அத்தான் காரை வாசலுக்குக் கொண்டுவந்தார். நான் அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து, அவள் வழக்கமாக உட்காரும் பிரேக் பக்கத்து முன்கதவைத் திறந்தேன். "நீ உக்காரு" என்று என்னை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, பின்கதவைத் திறந்து ஏறினாள். செருப்பைக் கழற்றினாள். சீட்டில் ஒருக்களித்துப் படுத்து, அத்தான் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டாள்.