ஆளுக்குப் பாதி

சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் எங்கள் தரைவீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் பழைய கம்பிவலை வேலி ஒன்று இருந்தது. அந்த வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் அவர் கணவரும் இருந்தார்கள். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர்கள். அக்கா, அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச்சிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, வேலிய மாத்திடலாமா? ஆளுக்குப் பாதி போட்டுக்கலாம். கீழ பிஞ்சு கெடக்கு, ஆளே நுழையலாம்.”

அவர் வளர்த்த காகிதப்பூக் கொடி ஏறித்தான் வேலி சாய்ந்திருந்தது. அதற்கு நான் ஏன் பாதி தரவேண்டும் என்று தோன்றியது.

“யாரு நுழையப் போறாங்கக்கா? நம்ம ஏரியா சேஃப் லா,” என்றேன்.

அவர் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து, வேலி போடும் குத்தகைக்காரர் கொடுத்த விலைப்பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பினார். நான் வீட்டுப் பத்திரத்தைத் தேடி எடுத்து, வரைபடத்தைப் படம் பிடித்து, வேலிக் கம்பம் உங்கள் நிலத்தில்தான் நிற்கிறது என்று பதில் போட்டேன். என் மனைவி, “பாதி குடுத்துட்டுப் போங்களேன்,” என்றாள். எனக்கு அது நியாயப் பிரச்சினையாகிவிட்டது.

அடுத்த மாதம் வேலியோரம் இருந்த என் பாண்டான் செடிகள் மிதிபட்டுக் கிடந்தன. அதையும் படம் எடுத்து அனுப்பினேன். “மன்னிச்சிடுங்க தம்பி” என்று மட்டும் வந்தது. யார் மிதித்தது என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு அக்கா செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

“அண்ணன் இங்க வந்தாரா?”

எங்கள் கேட் எப்போதும் போல் திறந்து கிடந்தது. அவர்கள் வீட்டுக் கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது. அதை நான் அன்றுதான் கவனித்தேன்.

அண்ணனுக்கு ஞாபகம் தவறிப்போய் இரண்டு வருடம் ஆகிறதாம். வேலி ஓட்டைவழியே குனிந்து எங்கள் பக்கம் வந்துவிடுவாராம். அக்கா பின்னாலேயே வந்து அழைத்துப்போவாராம். அன்று அக்கா குளித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா.”

“எப்படித் தம்பி சொல்றது? ஊர்ல எல்லாருக்கும் கணக்கு எழுதிக் குடுத்த மனுஷன் அவர். என் வீட்டுக் கேட்டை நான் பூட்டலாம். உங்க கேட்டைப் பூட்டுங்கன்னு எந்த முகத்தோட கேக்குறது?”

போலீசுக்குச் சொன்னோம். அடுக்குமாடி புளோக் புளோக்காக, கோப்பிக் கடை கோப்பிக் கடையாகத் தேடினேன். சாயங்காலம்தான் போலீசிலிருந்து போன் வந்தது. தூரத்தில் தேக்கா கடைவீதியில், அவர் முப்பது வருடம் கணக்கு எழுதிய துணிக்கடை இருந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது அது கைப்பேசிக் கடை. பக்கத்துப் பூக்கடைப் பெண் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

அக்காவை ஏற்றிக்கொண்டு காரில் போனேன். அண்ணனின் பாதம் இரண்டிலும் கொப்புளம் போட்டு ரத்தம் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும், “கடை ஏன் இன்னும் தொறக்கல?” என்று கோபமாகக் கேட்டார்.

மறுநாள் குத்தகைக்காரரை நானே கூப்பிட்டேன். முழுச் செலவும் என்னுடையது என்று அக்காவிடம் சொன்னேன்.

“வேணாம் தம்பி. பாதிதான் கேட்டேன், பாதிதான்.”

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வேலை முடிந்த அன்றே அவர் பங்கை என் கணக்குக்கு அனுப்பிவிட்டார்.

புது வேலி ஆள் உயரம். பச்சைக் கம்பி. அண்ணன் தினமும் காலையில் வந்து அதைப் பிடித்து உலுக்குகிறார். நான் தோட்டத்தில் இருந்தால், “தம்பி, வழி எங்க?” என்று கேட்கிறார். அந்தப் பக்கம் சமையலறை ஜன்னலில் அக்கா நிற்பது தெரியும்.

அக்காவிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால், “பரவாயில்ல தம்பி,” என்றுதான் சொல்வார். அதைக் கேட்கும் தைரியம் எனக்கில்லை.