சிலுவை பதித்த பாளைத் தட்டு

2012 ஜூலை 10. வழக்கம்போலக் கட்டன்சாயா குடித்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். என் தொழில்முனைவு வகுப்பு மாணவி ஒருத்தி கமுகம்பாளையை, அதாவது பாக்குமட்டையை, அச்சில் அழுத்தித் தட்டு செய்யத் தொடங்கியிருந்தாள். கடலோர முட்டத்தில் அவள் கிறிஸ்தவக் கோயில் திருவிழா விருந்துக்கு அது போக வேண்டும்; அதுதான் முதல் ஆர்டர். பக்தியோடு தட்டின் நடுவே சிலுவை பதித்திருந்தாள். மாலையில் இருவரும் கொண்டுபோனோம்.

விருந்துப் பொறுப்பிலிருந்த அக்கா தட்டை வாங்கி, சிலுவையை உதட்டில் ஒற்றி முத்தி செய்தார்.

“ஏட்டி, சிலுவைக்க மேல மீன்முள்ளு துப்பவா? எச்சிலாக்கி எப்பிடி எறியது?”

“வெறும் தட்டுன்னா எடுப்பியளா அக்கா?” என்று கேட்டாள் மாணவி.

“எடுக்காமலா மக்கா! பிளாஸ்டிக் தட்டெல்லாம் எங்க வலையிலல்லா வந்து சிக்குது!”

பேருந்தில் திரும்பும்போது அவளைவிட எனக்குத்தான் பரபரப்பு. மறுநாள் காலை முதல் வேலையாக, அச்சை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சிலுவையை ராவி எடுத்தோம்.