தலைவர் வீட்டில் பொம்பிளை பார்த்தது

என்னைப் பெண் பார்த்தது ஒரு தேசத் தலைவரின் வீட்டில். சொன்னால் பெரிய இடத்துச் சம்பந்தம் என்று நினைப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. தலைவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. சுதந்திரத்துக்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் என்பதால் கொழும்பு கறுவாத்தோட்டத்தில் இருந்த அவருடைய வீட்டை நினைவில்லமாக்கித் திறந்து வைத்திருந்தார்கள்.

அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தவர் என் அம்மா. அந்த நாட்களில் கொழும்பில் பலரும் பெண் பார்க்க வீட்டுக்கு வரமாட்டார்கள். வந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்றால் பிறகு எதிரில் கண்டாலும் முகம் கொடுக்க முடியாது. ஆகவே ஏதாவது ஒரு பொது இடத்தில் தற்செயலாக வந்ததுபோல இரண்டு வீட்டாரும் வருவார்கள். ஒருவரை ஒருவர் தெரியாததுபோல நடப்பார்கள். கதைக்கக் கூடாது, சிரிக்கவும் கூடாது. கண்ணால் மட்டும் அளந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட, தரகர் பதில் கொண்டுவருவார்.

என்னை முதல் தடவை பார்த்தது வெள்ளவத்தையில் ஒரு கோயிலில். அடுத்தது காலிமுகத்திடலில். இரண்டும் சரிவரவில்லை. இரண்டு இடத்திலும் தெரிந்தவர்கள் கண்டுவிட்டதால், சரிவராத செய்தி எங்களுக்கு வருமுன்பே எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கைக்கு வந்து சேர்ந்திருந்தது. அம்மாவுக்கு அதுதான் பெரிய அவமானம்.

“தலைவரின்ர வீட்டுக்கு வெள்ளவத்தைச் சனம் ஒண்டும் எட்டிப் பாக்காது. பள்ளிக்கூடப் பிள்ளையள் மட்டும்தான் வரும்,” என்றார்.

இந்தத் தடவை சரிவர வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. மாப்பிள்ளை கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் நான் கந்தோருக்கு வேலைக்குப் போவதில் அவர்களுக்குத் தடை இல்லை என்று தரகர் சொல்லியிருந்தார். அதைச் சொன்ன முதல் வீடு அதுதான். தகப்பன் இல்லை, ஒரே மகன், ஆகையால் தாய் எங்களோடுதான் வந்து இருப்பார் என்பதும் பேச்சில் இருந்தது. அம்மா அதற்கு மட்டும் முகத்தைச் சுளித்தார்.

நாங்கள் போனபோது அவர்கள் ஏற்கெனவே முன் விறாந்தையில் நின்றார்கள். மாப்பிள்ளை, அவருடைய தாய்மாமன், மாமனின் மனைவி. தாய் எல்லோருக்கும் பின்னால், ஒரு தூணின் அருகே, வெளிர் நிறச் சேலையில் நின்றார். நெற்றியில் பொட்டு இல்லை. நல்ல காரியத்தில் முன்னுக்கு வரக்கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கத் தேவையில்லை. அவராகவே அங்கே போய் நின்றிருப்பார்.

வீட்டைச் சுற்றிக் காட்டுபவர் வெள்ளைச் சாரத்தோடு வந்தார். எங்கள் இரண்டு கூட்டத்தையும் பார்த்தார். எல்லோரும் தமிழ் ஆட்கள். “ஒக்கோம எக்க பவுலத?” என்றார். எல்லோரும் ஒரே குடும்பமா என்று கேட்கிறார். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் பிடிக்காது. யார் என்ன கேட்டாலும் “ஔ, ஔ” என்று தலையாட்டிவிடுவார். இங்கேயும் ஆட்டினார்.

முடிந்தது கதை. ஒருவரை ஒருவர் தெரியாததுபோல நடக்க வந்தவர்களை அந்த மனிதர் ஒரே மந்தையாக உள்ளே ஓட்டிக்கொண்டு போனார். அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்தது.

முதல் அறையிலேயே அடுத்த சிக்கல். காட்டுபவர் சிங்களத்தில் நீளமாகச் சொல்லிவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொட்டாஞ்சேனை ஆட்களுக்கும் சிங்களம் ஓடாதாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மா என்னை முன்னுக்குத் தள்ளினார். “இவளுக்குத் தெரியும். கந்தோரில கதைக்கிறவள்.” யாருக்கும் சொல்லாததுபோல, காற்றுக்குச் சொன்னார்.

தலை குனிந்து நிற்க வேண்டியவள் அறை அறையாக மொழிபெயர்த்துக்கொண்டு போனேன். தலைவர் எழுதிய மேசை, கண்ணாடி, ஊன்றுகோல், வெளிநாட்டுக்காரரோடு நின்ற படங்கள். கொஞ்சத்தில் வெட்கம் விட்டுப்போனது. எனக்குக் கதைக்கப் பிடிக்கும். மாப்பிள்ளை படங்களைப் பார்ப்பதுபோல என்னைத்தான் பார்த்தார். எனக்கு அதுவும் பிடித்தது.

பிறகு சாப்பாட்டறை. நீளமான மேசை, சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. பீங்கான் தட்டுகள் விருந்துக்கு வைத்ததுபோல அடுக்கியிருந்தன. நாட்டை நடத்தியவர்கள் எல்லோரும் இந்த மேசையில் சாப்பிட்டவர்கள் என்றார் காட்டுபவர். பின் கதவால் குசினியைக் காட்டினார். அங்கே அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோரம் ஒரு சின்ன மேசை, ஒரு கதிரை. தலைவர் இறந்த பிறகு அவருடைய மனைவி, நோனா, இந்தப் பெரிய மேசையில் இருக்கவே இல்லை, கடைசிவரை அந்தச் சின்ன மேசையில் தனியாகத்தான் சாப்பிட்டார் என்று சொன்னார்.

நான் வாயைத் திறந்தேன், மூடினேன். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் செத்த கதையா? தாலி அறுத்த கதையா? இந்தப் பேச்சோடு சம்பந்தம் குழம்பினால் அம்மா என்னை உயிரோடு விடமாட்டார். ஒரு விதத்தில் அந்தத் தாய்க்காகவும்தான் யோசித்தேன், அவருடைய மனம் நோகக்கூடாது என்று.

“நோனாவுக்குக் குசினியில இருந்து சாப்பிடத்தான் விருப்பமாம்,” என்றேன்.

மாமனின் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்தார். ஏதோ பிசகிவிட்டது என்று விளங்கியது, என்னவென்று விளங்கவில்லை.

பின்னால் நின்ற தாய் அப்போதுதான் முன்னுக்கு வந்தார். காட்டுபவரிடம் சிங்களத்தில் கதைத்தார். கந்தோர் மேசைக்கு முன் நின்று கதைக்கும் என்னுடைய சிங்களம் அல்ல. சந்தையில், பஸ்ஸில், பக்கத்து வீட்டில் ஒரு ஆயுள் முழுக்கப் பேசிய சிங்களம். அந்த நோனாவை அங்கே இருந்து சாப்பிடச் சொன்னது யார், அவவாகத்தான் போனவவா என்று கேட்டார். காட்டுபவருக்கு அது தெரியாது. அப்படிக் கேட்டவர் இதுவரை யாரும் இல்லை என்றார்.

அவர்கள் எல்லோருக்கும் சிங்களம் தண்ணீர்பட்டபாடு. மாப்பிள்ளை வீட்டார் முதலில் வாய் திறக்கக்கூடாது என்ற முறைக்காகவே அத்தனை அறையும் பேசாமல் வந்திருக்கிறார்கள். எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்று இருந்தது.

தாய் என்னிடம் திரும்பினார். கோபமில்லை.

“பிள்ளை, அவர் செத்தாப்பிறகு எண்டுதானே சொன்னவர். அதை ஏன் விட்டனீர்?”

“நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில...” என்று இழுத்தேன்.

“ஓம். அதுக்காகத்தான் நானும் பின்னால நிக்கிறன்.” குசினிப் பக்கம் கையைக் காட்டிக் கேட்டார். “நாளைக்கு உங்கட வீட்டில என்னை எங்க இருத்துவீர்?”

அம்மா என் முழங்கையைப் பிடித்தார். நான் இழுத்துக்கொண்டேன்.

“எங்களோடதான் மாமி. மேசையில.”

இன்னும் ஒன்றும் முற்றாகாத இடத்தில் மாமி என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். பிறகு “சரி, வாங்கோ” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். இந்தத் தடவை அவர் முன்னால் போனார்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அம்மா என்னைத் திட்டினார். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்தார்.

“அவையளுக்கு நல்ல விருப்பம். ஆனா தாய் ஒண்டு சொல்லி விட்டவ. தான் உங்களோட வந்து இருக்கமாட்டாவாம். கொட்டாஞ்சேனை வீட்டிலதான் இருப்பாவாம்.”

அம்மாவின் முகம் பூவாய் மலர்ந்தது. தரகருக்கு இரண்டாம் தடவை தேத்தண்ணீர் ஊற்றினார். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. நான் மனதாரத்தான் சொன்னேன், அதை மாமி நம்பவில்லை என்று அழுதேன்.

கல்யாணம் முடிந்து கிருலப்பனையில் வாடகை வீடு எடுத்தோம். ஞாயிறுகளில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போவோம். முதல் ஞாயிறே மாமியிடம் கேட்டேன், ஏன் எங்களோடு வரவில்லை என்று.

“நீர் நல்லாத்தான் சொன்னனீர்,” என்றார். “ஆனா எனக்கு எண்டு ஒரு மேசை இங்க இருக்கு, பிள்ளை.”

சின்ன மேசைதான். ஒரு கால் ஆடும். அவர் அதன் தலைப்பக்கத்தில் இருந்து, சோறு ஆறுமுன் தான் முதலில் போட்டுக்கொண்டு, மகனை ஒரு பக்கம் இருக்கச் சொல்வார். பிறகு என்னைப் பார்த்து, “நீர் அங்கால இரும்,” என்பார். நான் போய் அங்கே இருப்பேன்.