மாயர் கோயில் படியில் வெறுங்காலோடு

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். போன சித்திரையில் மூத்த மகளுடன் ரொறன்ரோவிலிருந்து மெக்சிக்கோவுக்குப் போனேன். அங்கே மாயர்கள் கட்டிய பழைய கோயில் மலைபோல நின்றது. கோயில் என்றதும் சப்பாத்தைக் கழற்றினேன்.

“அம்மா, மத்தியான வெயில். கல்லுச் சுடும், போடுங்கோ!” என்றாள் மகள்.

“கோயிலுக்கு ஆரடி சப்பாத்தோட ஏறுறது?”

ஏறினேன். கல் சுடவேயில்லை, கடவுள் அருள் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன். இறங்கியபின் என் உள்ளங்காலைப் பார்த்து அழுதுவிட்டாள். எல்லாம் கொப்புளம். சீனி வருத்தத்தில், அதுதான் நீரிழிவில், கால் மரத்துப்போனது எனக்குத் தெரியாது.

“கொஞ்சம் பிந்தியிருந்தால் காலை வெட்டி எடுக்க வேண்டி வந்திருக்கும்” என்றார் டொக்டர்.

இப்போது இங்குள்ள எங்கள் கோயிலுக்கும் காலில் மேசு, தடித்த காலுறை, போட்டுத்தான் போகிறேன். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி பிடித்துப் பார்க்கிறேன்.

இதையெல்லாம் எழுதிய தாளை மூத்தவளின் மகளிடம் நீட்டுகிறேன்; அவளின் தாய் அடுத்த அறையில் இருக்கிறாள்: “உரத்து வாசி பிள்ளை, கொம்மாவுக்கும் கேக்கட்டும்.”