செல்லாயி கேட்ட இன்னொரு பாடம்

இன்று காலை யட்டவத்த கடைவீதி பேக்கரியில் பாண் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் செல்லாயி.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், பகலில் குழந்தைகளை விட்டுப் போகும் அந்த அறையில், மாலையில் நான் நடத்தும் முதியோர் வகுப்பில் படிப்பவர். நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்தாலும் ஒருநாளும் தவறியதில்லை. மற்றவர்கள் எழுந்து போன பிறகும், "இன்னொரு பாடம் சொல்லிக் குடுங்க சார்" என்று உட்கார்ந்திருப்பார்.

படிப்பில் ஆர்வம் வருவதும் வராததும் சொல்லிக்கொடுப்பவர் கையில்தான் இருக்கிறது என்று போன பதிவில் உங்களிடமெல்லாம் அளந்தேனே, அது இவரை வைத்துத்தான்.

வரிசை நகரவில்லை. பின்னால் நின்றவரிடமும் ஆரம்பித்தேன். "இவங்கள மாதிரி ஆசையாப் படிக்கிறவங்கள நான் பார்த்ததில்ல."

செல்லாயி என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆசைன்னு இல்லைங்க சார். ராத்திரிக்கு அடுப்புல வைக்க ஒண்ணும் இருக்கிறதில்ல. நான் லயத்து வீட்டுல இருந்தா புள்ளைங்க சோறு கேட்டுக்கிட்டே இருக்கும். நான் இல்லைன்னா வழி பாத்துப் பாத்துத் தூங்கிரும். அதுக்கப்புறம்தான் போவேன்."

பாண் முடிந்துவிட்டதென்று கடைக்காரர் பலகையைப் போட்டார். இருவரும் வெறும் பையோடு திரும்பினோம்.

மாலையில் வகுப்புக்கு வந்திருந்தார். எல்லோரும் போன பிறகு, "இன்னொரு பாடம் சார்" என்றார்.

கடகடவென்று நடத்துகிறவன் என்று எனக்குப் பெயர். இன்று ஒரே பாடத்தை இழுத்து இழுத்து நடத்தினேன். பிள்ளைகள் தூங்க நேரம் வேண்டுமே.

இதைவிட நல்ல கற்பித்தல் முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.