பட்டு என்று சொன்ன நரம்பு

பேஸ் வாசிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்களில் ஒருவரோடு குடும்பம் நடத்தியவள் நான், அதனால் சொல்கிறேன். பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய பிடில். அதைக் கட்டிப்பிடித்து நின்றுகொண்டு விரலால் இழுத்து வாசிக்க வேண்டும். யுத்த காலத்தில் பம்பாய் ஓட்டல்களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆடுவதற்கு பாண்டு வைத்திருந்தார்கள். அதில் எல்லாருக்கும் பின்னால் நின்று டூம் டூம் என்று இழுப்பவன்தான் பேஸ்காரன். அவன் வாசிப்பதை யாரும் தனியாகக் கேட்பதில்லை. அதனால்தான் அந்த ஆட்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

தாராவியில் எங்களுக்கு ஒரே ஒரு கோலி. ஒற்றை அறைக்கு அங்கே அதுதான் பெயர். ஜன்னல் கிடையாது. பின்பக்கம் தோல் ஊறப்போடும் தொட்டிகள். கதவைத் திறந்தால் நாற்றம், மூடினால் புழுக்கம். அதற்குள் நான், கைக்குழந்தை, என் வீட்டுக்காரர், பேஸ். சுவரில் ஈரம் இறங்காத மூலை ஒன்றே ஒன்றுதான். அது பேஸுக்கு. அங்கே தொட்டில் கட்ட வேண்டும் என்று நான் சொன்னேன்.

"ஈரம் பட்டா ஒட்டு விட்டுரும்ளா," என்றார்.

"பிள்ளைக்கு?"

"பிள்ளைக்கு ஏது ஒட்டு?" சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

பகலில் அவர் தோல் கிடங்கில் மூட்டை தூக்குவார். கல்யாண பாண்டில் பெரிய குழல் ஊதிக்கொண்டிருந்தவர், கப்பல் வாத்தியக்காரன் ஒருவன் விற்றுவிட்டுப் போன பேஸைக் கண்டதும் குழலை விட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் கோலியில் கூட்டம். கூட்டம் என்றால் மூன்று பேர். ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவர் செம்பூர்க்காரர், சொந்த ஊரில் எங்களுக்குப் பக்கத்து ஊர் முஸ்லிம், மரப்பெட்டிப் பட்டறை வைத்திருந்தார். வாத்தியத்தில் விரிசல் விட்டால் அவர்தான் ஒட்டுவார். அதற்கு வச்சிரம் காய்ச்ச வேண்டும், மாட்டுக் கொம்பும் தோலும் கொதிக்கிற பசை. என் அடுப்பில், என் சட்டியில். அந்தச் சட்டியில் அப்புறம் பாலைக்கூட ஊற்ற முடியாது.

மூன்றாவது ஆள் மாட்டுங்காக்காரர். பாலக்காட்டு ஐயர், பெரிய ஆபீஸில் குமாஸ்தா. அவர் வீட்டிலும் ஒரு பேஸ் உண்டு. என் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கமாட்டார். தம் வேட்டி எங்கள் பாயில் படாமல் பெட்டிமேல் உட்காருவார். ஆனால் ஆட்டுக் குடலில் முறுக்கிய நரம்பை இரண்டு விரலால் நீவி நீவிப் பார்ப்பார். பேஸுக்குக் கட்டுவது அந்த நரம்புதான், கம்பி இல்லை. யுத்தத்துக்கு முன்னால் வாங்கிய ஜெர்மன் நரம்புகளை ஒரு பிஸ்கட் டின்னில் மெழுகுக் காகிதம் சுற்றி வைத்திருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் அந்த டின் வரும். மூடியைத் திறப்பார். மூன்று பேரும் குனிந்து மோந்து பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் பந்தி வாசம் பிடிக்கிறவர்களைப் போல் கண்ணை மூடிக்கொண்டு. பிறகு மூடிவிடுவார். ஒன்றைக்கூட ஒருத்தருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"சாமி, கல்யாணப் பொண்ணு மாதிரி பொத்தி வச்சிருக்கியளே, எப்பதான் தாலி கட்டுவிய?" என்று செம்பூர்க்காரர் கேட்பார்.

"ஓய், இது மாதிரி இனி கிடைக்காதாக்கும். யுத்தம் முடியட்டும், பாக்கலாம்."

இதற்கு மூன்று பேரும் சிரிப்பார்கள். இந்தச் சிரிப்புக்கு நான் டீ போட வேண்டும்.

அந்த வருஷம் மழை தொடங்குகிற சமயத்தில் கோட்டைப் பக்கம் ஒரு ஓட்டலில் என் வீட்டுக்காரரைச் சனிக்கிழமை மட்டும் வாசிக்கச் சொன்னார்கள். ஒழுங்காக வாசித்தால் வாரம் முழுவதும் வேலை. மூட்டை தூக்க வேண்டாம். நான் உடனே ஆண்டாப் ஹில் பக்கம் போய் ஒரு கோலி பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னல் இருந்தது. வாசலிலேயே குழாய். தோல் நாற்றம் இல்லை. வேலை நிலையானால் எங்களுக்குத்தான் என்று வீட்டுக்காரம்மா சொன்னாள். குழந்தைக்கு மூச்சிரைப்பு இருந்தது. மழைக்காலத்தில் அதன் நெஞ்சு கீச்சுக்கீச்சென்று சத்தம் போடும். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஜன்னல் ஒன்றுதான்.

அடுத்த சனிக்கிழமைக்கு முன்னால் பேஸின் மெல்லிய நரம்பு அறுந்துபோனது. கடைகளில் இல்லை. யுத்தம் என்று கையை விரித்தார்கள். மாட்டுங்காக்காரரிடம் கேளுங்கள் என்றேன். "அதெல்லாம் கேக்கப்படாதுளா, அது அவரு உசிரு" என்றார். கேட்காமல் என்ன செய்தார் தெரியுமா? கசாப்புக் கடையிலிருந்து ஆட்டுக் குடலை வாங்கிக்கொண்டு வந்தார். பஞ்சு அடிக்கிறவன் தன் வில்லுக்கு அப்படித்தான் நரம்பு முறுக்குகிறான், நாமும் முறுக்கலாம் என்றார். ஒரு வாளி நிறைய வழவழவென்று கிடந்தது. அலசியது யார்? நான். அழுக்கைச் சுரண்டியது யார்? நான். முறுக்குவதற்கு மட்டும் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். சுவருக்குச் சுவர் இரண்டு பெரிய ஆணி அடித்து, ஒரு பக்கம் செம்பூர்க்காரர் திருக, இன்னொரு பக்கம் இவர் இழுக்க, மாட்டுங்காக்காரர் பெட்டிமேல் உட்கார்ந்து வழி சொன்னார்.

காய்ந்ததும் எண்ணெய் போட வேண்டுமாம். என்ன எண்ணெய்? அங்கே தொடங்கியது சண்டை.

"தேங்காயெண்ணெய்தான். மிருதுவா இருக்கும், கேட்டேளா."

"தேங்காயெண்ணெய் சிக்கு நாத்தம் அடிக்கும் சாமி. நல்லெண்ணெய்தான் நரம்புக்குள்ள இறங்கும்," என்றார் இவர்.

"ரெண்டையும் கலந்து விடு மாப்ளே, சண்டை தீரட்டும்," என்றார் செம்பூர்க்காரர்.

தலைக்குத் தேய்க்கிறதுபோல் இரண்டையும் கலந்து தேய்த்தார்கள். குழந்தைக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெய். எலி இருக்கிற ஊர் என்று ஒருவருக்காவது தோன்றியதா? தாராவி எலி குழந்தையின் காலையே கடிக்கும். ஆட்டுக் குடலை எண்ணெயில் புரட்டிச் சுவரில் கட்டிவைத்தால் விடுமா? சனிக்கிழமை காலையில் இரண்டு ஆணியிலும் இரண்டு முடிச்சு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி கடைகளைச் சுற்றப் போனார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாட்டுங்காவுக்கு நடந்தேன். அவர் கேட்கமாட்டார், நான் கேட்பேன்.

மாட்டுங்காக்காரர் வீடு இரண்டாவது மாடி. வாசலில் கோலம். கதவைத் திறந்தது அவர் சம்சாரம். உள்ளே கூடத்தில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் அவருடைய பேஸ் நின்றது. அதன் நெற்றியில் சந்தனப்பொட்டு. அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார், முகம் சரியில்லை.

"சாமி, ஒரு குடல் நரம்பு குடுங்க. நாம முறுக்கினத எலி தின்னுட்டு. சாயங்காலம் அவுக வாசிக்கணும்."

அவர் சம்சாரம் திரும்பிப் பார்த்தாள். "குடலா? என்னன்னா இது, என்ன குடல்?"

"பட்டு, பட்டு நரம்பு. அவா ஊர்ல அப்படிச் சொல்லுவா."

"பட்டா?" என்றேன். "ஆட்டுக் குடல்லா? என் வீட்டுல நீங்கதானே பெட்டிமேல உக்காந்து முறுக்கச் சொன்னிய. பட்ட எதுக்கு எலி திங்கப் போகுது?"

அந்த அம்மாள் பேஸைப் பார்த்தாள். சாமி அலமாரியைப் பார்த்தாள். சந்தனப்பொட்டைப் பார்த்தாள். "எத்தனை வருஷமா?" என்று அவரைக் கேட்டாள். அவர் என்னை வாசலுக்குத் தள்ளாத குறையாகக் கொண்டுவந்து விட்டார்.

"நீ போம்மா. சாயங்காலம் ஓட்டலுக்கு நானே கொண்டு வரேன். அவர்கிட்ட சொல்லு."

நான் பொய் சொல்லவில்லை. குடலைக் குடல் என்றேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். வரும் வழியில் எனக்குச் சந்தோஷம்கூட. சாமி தருகிறார் என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் கண் கலங்கிவிட்டார். "பாத்தியாளா, அதான் சிநேகிதம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்த பிறகு, பாஸஞ்சர் ரயிலின் லக்கேஜ் டப்பாவில் பேஸை ஏற்றிக்கொண்டு அவர் திரும்பி வந்தார். நரம்பு அப்படியே, ஒன்று குறைவாக. ஆனால் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வேலை உறுதியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

"ஏளா, என்ன சத்தம்! தரை வழியா ஏறி முட்டியில வந்து நிக்கி. ஜெர்மன் நரம்புன்னா சும்மாவா!"

"நீங்க வாசிச்சியளா?"

"அவரு வாசிச்சாரு. விக்டோரியா குதிர வண்டியில தன் பேஸையே கொண்டாந்துட்டாரு. பாண்டு மாஸ்டர் ஒரு பாட்டுக் கேட்டாரு, என்னைய ஓரமா நிக்கச் சொல்லிட்டாரு. சமையக்கட்டு வாசல்ல நின்னு முழுசாக் கேட்டேன்."

"வேலை?"

"அவருக்குத்தான். பாவம், அவருக்கும் வேற வழியில்ல. வீட்டுல பேஸ வெளிய தள்ளிட்டாவளாம், தீட்டுன்னு. ஓட்டல்ல வச்சாத்தான் உண்டு. வேல இல்லாம வைக்க விடுவானா?"

"நம்ம கோலி?"

"எந்தக் கோலி?" என்றார்.

இந்த மாதிரி ஆளோடு என்ன பேசுவது? ஆண்டாப் ஹில் கோலிக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. ஜன்னலில் அவர்கள் வேட்டி காய்வதை ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு மாட்டுங்காக்காரர் வந்தார். வெட்கம் ஒன்றும் இல்லை. பெட்டிமேல் உட்கார்ந்தார். கையில் டின்.

"இதையும் ஆத்துல வெச்சுக்கப்படாதுன்னுட்டா. ஓட்டல்ல வெச்சா திருடிடுவான். உம்மகிட்ட இருக்கட்டும் ஓய். உம்மைவிட எனக்கு யாரு?"

என் வீட்டுக்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். பரண்மேல் பழைய வேட்டியில் சுற்றி வைத்தார். இரவலாக ஒன்றையாவது எடுத்துத் தன் பேஸில் கட்டுவார் என்று நானும் நாலைந்து நாள் பார்த்தேன். தொடவில்லை. "நம்பிக் குடுத்திருக்காரு" என்றார். ஒரு நரம்பு இல்லாமல் பிழைப்பை விட்டவர், ஒரு டின் நிறைய நரம்பைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு, மிச்சம் மூன்று நரம்பில் டூம் டூம் என்று இழுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கும்போது எனக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது. குடலை அலசும்போதுகூட அப்படி வரவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. குழந்தைத் துணி எதுவும் காயவில்லை. கட்டியிருந்த சணல் கயிறு இற்று விழுந்தது. ஒரு ஞாயிறு காலையில் அவர் வெளியே போனதும் நான் பெட்டிமேல் ஏறி, டின்னை இறக்கி, கைக்குக் கிடைத்த ஒரு நரம்பை எடுத்தேன். அவர்கள் அடித்த ஆணி இரண்டும் சுவரில் அப்படியே இருந்தன. நரம்பு ஒன்று போதாது, இரண்டை முடிந்து இழுத்துக் கட்டினேன். மூத்திரத் துணிகளை வரிசையாகப் போட்டேன்.

சாயங்காலம் மூன்று பேரும் ஒன்றாகக் கதவைத் திறந்துகொண்டு வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மாட்டுங்காக்காரர் அண்ணாந்து பரணைப் பார்த்தார். என் வீட்டுக்காரர், "ஏளா, என்ன காரியம்..." என்று தொடங்கி நிறுத்தினார். கத்துவார்கள் என்று காத்திருந்தேன். எனக்கும் கத்த வேண்டியது நிறைய இருந்தது.

செம்பூர்க்காரர்தான் முதலில் அசைந்தார். ஒரு துணியை ஒதுக்கிவிட்டு, விரலால் நரம்பை இழுத்துவிட்டார். கோலி முழுவதும் டூம் என்றது.

"அல்லாவே," என்றார். "மாப்ளே, கேட்டியா?"

"சுவரே கூட வாசிக்கி," என்றார் என் வீட்டுக்காரர்.

மாட்டுங்காக்காரர் கிட்டே வந்தார். அவர் வேட்டி குழந்தைத் துணியில் உரசியது, கவனிக்கவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டார். "கொஞ்சம் இறங்கியிருக்கு ஓய். அந்த முடிச்சை இன்னும் இழுத்துக் கட்டினாத் தேவலை."

மூன்று பேரும் ஆணிப்பக்கம் போனார்கள்.

நான் குழந்தையைக் கீழே விட்டுவிட்டு, விளக்குமாற்றை எடுத்தேன். "துணி காயுது. ஒருத்தரும் தொடப்படாது. வெளிய போங்க," என்றேன். மழையில் போய் நின்றார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தச் சத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

நரம்பைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அடுத்த பிள்ளையின் துணியும் அதில்தான் காய்ந்தது. மழையில் கொஞ்சம் தொய்யும், வெயில் வந்தால் விறைக்கும். எண்ணெய் போடாததால் எலியும் தொடவில்லை. அந்த மூன்று ஆட்களைப் பற்றி எனக்கு நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நரம்பைக் குறை சொல்லமாட்டேன்.