கழுத்தில் ரேடியோ கட்டிய கட்டாக்காலி

தொண்ணூறுகளின் கடைசியில், சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய ஒரு சனிக்கிழமை. ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேரம் வடக்கே, பனி பாதியும் சேறு பாதியுமாகக் கிடந்த ஓர் ஆட்டுப் பண்ணையின் வாசலில் இது நடந்தது.

ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பகுதியில் எங்கள் கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வருடப்பிறப்புக்குப் பங்கு போடுவது வழக்கம். முழு ஆடொன்றை வாங்கி, ஈரலும் எலும்பும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வரும்படி குவியல் குவியலாகப் பிரிப்பதுதான் பங்கு. ஆட்டைத் தெரிவு செய்யும் உரிமை என் அக்காவின் கணவருக்கு. அத்தான் ஓர் ஆட்டைப் பார்த்தாரென்றால் தோலைத் தாண்டிப் பார்ப்பார். வான் வண்டி ஓட்டும் உரிமை எனக்கு.

அன்று அத்தானின் மனம் ஆட்டில் இல்லை. அடுத்த கிழமை அவருக்குக் குடியுரிமை நேர்முகம். பாஸ்போர்ட் கிடைத்தால்தான், போருக்குத் தப்பிப் போய்த் திருச்சியில் படுக்கையில் கிடந்த தாயைப் போய்ப் பார்க்கலாம். வழி முழுக்க மாகாணங்களின் பெயர்களைக் கிழக்கிலிருந்து மேற்காக ஒப்புவித்து, மனிடோபாவில் மறந்து, மறுபடி கடலிலிருந்து தொடங்கினார். எனக்கு ஓரிடத்தில் நிற்காத மனம். கை ஸ்டியரிங்கில் இருக்க, அது சாலையோரத்து உருகல் நீரோடு ஓடிக்கொண்டிருந்தது.

பண்ணை வாசலில் அது நின்றது. குதிரை உயரம், மாட்டு மூக்கு, கழுத்தைச் சுற்றிச் சால்வை போர்த்தாற்போல் கறுத்த மயிர். பின்பக்கம் மட்டும், யாரோ வெள்ளையடிக்கத் தொடங்கி அலுத்துப்போய் விட்டதுபோல் வெளிறியிருந்தது. கழுத்தில் தடித்த பட்டி. காதில் தகடு.

"உது மான் மாதிரிக் கிடக்கு அத்தான்."

"மானுக்கு ஆரடா பட்டி கட்டுறது? கட்டாக்காலி. பண்ணைக்காரன்ரதான், வேலியாலை வெளிக்கிட்டிருக்கு." அத்தான் இறங்கி அதை ஒரு சுற்றுச் சுற்றினார். மனிடோபா மறந்துபோயிற்று. "மச்சான், உது நாப்பது பங்கு தேறும். தொடையைப் பார். எலும்புச் சூப்புக்கே எங்கட வீட்டுப் பானை காணாது."

கட்டாக்காலி என்றால் எங்கள் ஊரில் கயிறில்லாமல் அலையும் மாடு. அதைக் கண்டால் பிடித்துக் கட்டிவைத்து, உரியவருக்குச் சொல்லி அனுப்புவதே மரியாதை. அந்த மரியாதையை நாங்கள் கனடாவிலும் கைவிடவில்லை. வழியில் தின்னவென்று கொண்டுவந்த பணிஸ் ரொட்டிப் பையைத் திறந்தோம். அத்தான் ஒரு துண்டை நீட்டி, "இஞ்சா, இஞ்சா, வாம்மா" என்று பின்னால் நடந்தார். நான் கைகளை விரித்து மற்றப் பக்கம் மறித்தேன். அது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கோயில் யானையின் நிதானத்தோடு ஆட்டுப் பட்டிக்குள் நடந்து வந்தது. ஆடுகள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டன. வாசல் படலையைச் சாத்திக் கொழுக்கியைப் போட்டதும் அத்தான் கையைத் தட்டித் துடைத்தார். பண்ணைக்காரன் ஆட்டு விலையில் ஏதாவது குறைப்பான் என்றார்.

பண்ணைக்காரர் வாயில் பாதி ரொட்டியோடு ஓடி வந்தார். அது தன்னுடையது இல்லையாம். எல்க் என்ற பெரிய மானாம். இந்த மாகாணத்தில் எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்து நூறு வருடத்துக்கு மேலாகிறதாம். இப்போது மேற்கேயிருந்து லாரிகளில் ஏற்றி வந்து, அரசாங்கமே வடக்குக் காடுகளில் திரும்ப விட்டிருக்கிறதாம். இது அங்கிருந்து தனியே நடந்து வந்துவிட்டது. தொடவே கூடாதாம். "கழுத்தில் ரேடியோ இருக்கிறது. அதைத் தேடி ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள்" என்று முடித்தார்.

 அத்தான் என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"ரேடியோவாம்."

"ஓம்."

"அப்ப நான் கதைச்சதெல்லாம் கேட்டிருக்கும்."

"தமிழ் ஆருக்கு விளங்கும் அத்தான்?"

"விசரே, மொழிபெயர்க்க ஆள் வைச்சிருப்பாங்கள். அரசாங்கத்தின்ர மானுக்கு நாப்பது பங்கு எண்டு சொன்னவனுக்கு ஆரடா சிற்றிசன் தருவான்?"

சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. ஊரில், எதிரில் வரும் படைக்காரனின் இடுப்பில் ரேடியோ இரைந்தால் சைக்கிளைப் போட்டுவிட்டு வேலி பாய்ந்து வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும். அந்தச் சத்தம் நல்ல செய்தி கொண்டுவந்ததாக எங்களுக்கு நினைவில்லை.

அப்போதே ஒழுங்கைக்குள் ஒரு ட்ரக் திரும்பியது. அதன் தலையில் மீன் முள்ளுப்போல ஒரு அன்டெனா. முழங்கால்வரை சேறு பூசிய ஒரு பெண் இறங்கினார். அவர் வாயைத் திறக்க முன்னரே அத்தான் முன்னால் போய் நின்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் ஒரே மூச்சில் செலவழித்தார். பங்கு என்று சொன்னது வெறும் பகிடி, சூப்பும் பகிடி, தான் பத்து வருடமாக வரி கட்டுபவன்.

"என்ன பங்கு?" என்று கேட்டார் அந்தப் பெண்.

அத்தான் என் பக்கம் திரும்பி, "தெரியாத மாதிரிக் கேக்கிறா. உதுதான் அவையின்ர முறை" என்றார்.

நான்தான் நடந்ததை விளங்கப்படுத்தினேன். அந்தப் பெண் ட்ரக்கின் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். அந்தக் கழுத்துப் பட்டிக்குக் காது கிடையாதாம். அது ஒரேயொரு சத்தத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பும், அவ்வளவுதான். சிரித்து முடித்ததும் ஹெட்போனை எடுத்து அத்தானின் காதில் வைத்தார். டிக். டிக். டிக். சத்தம் இப்படி நிதானமாக வந்தால் மான் உயிரோடு நடமாடுகிறது. நெடுநேரம் அசையாமல் கிடந்தால் சத்தம் வேகமாகிவிடும். இந்தப் பெட்டையின் சத்தம் பல நாளாக, இன்று காலைவரை, கிடைக்கவேயில்லை, எங்கேயோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன் என்றார். சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, காட்டு மிருகத்துக்குப் பணிஸ் கொடுத்ததற்காக எங்கள் இருவருக்கும் நல்ல ஏச்சுக் கிடைத்தது.

படலையைத் திறந்துவிட்டு எல்லோரும் விலகி நின்றோம். அது திறந்த படலையை ஒரு தரம் பார்த்தது. பிறகு மற்றப் பக்கம் போய், ஓடாமல், துள்ளாமல், வாசற்படியைக் கடப்பதுபோல வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் போயிற்று. நாங்கள் கொழுக்கி போட்டுப் பூட்டியதை அது பூட்டாகவே எடுக்கவில்லை.

அத்தான் மட்டும் ஹெட்போனைக் கழற்றவில்லை. மரங்களுக்குள் அது மறைந்த பிறகும், கண்ணை மூடிக்கொண்டு சேற்றில் நின்றார். "இன்னும் கேக்குது மச்சான்" என்றார். அந்தப் பெண்ணும் அவசரப்படுத்தவில்லை.

அடுத்த கிழமை அத்தான் நேர்முகத்தில் தேறினார். பாஸ்போர்ட் வந்த கையோடு திருச்சிக்குப் பறந்து, தாயை உயிரோடு பார்த்தார். எனக்கு அந்த நாளிலிருந்து தங்கிவிட்டது வேறொன்று: ஒரு பெண் நாட்கணக்காகக் காடு காடாக ஒரு சத்தத்தைத் தேடி அலைந்தது, அது இன்னும் இருக்கிறதா என்று அறிந்துவிட்டுத் திரும்பிப் போகத்தான். இப்போதெல்லாம் நெடுநாள் சத்தமில்லாத ஒருவரின் முகம் மனதில் வந்தால், என்ன கதைப்பது என்று யோசிக்காமல் தொலைபேசியை எடுத்துவிடுகிறேன். மறுமுனையில் ஒரு "ஹலோ" கேட்டாலே எனக்குப் போதுமாக இருக்கிறது.